லைன் கட்டாயிருச்சுங்க, புது நம்பர் இது

நான்கு எண்கள், நடுவில் மூன்று புள்ளிகள். அதுதான் அந்தப் பிற்பகலில் என் விலாசம். இன்னும் சற்று நேரத்தில் மூடுபனி இறங்கி, டெலிபோன் கம்பியில் ஈரம் ஏறி, காதுக்குள் கொரகொரவென்று ஏதோ மென்று துப்புகிற சத்தம் கேட்டு, லைன் அறுந்தால், திரும்பவும் டயல் செய்து உள்ளே போகிறபோது அது வேறு விலாசம். ஒரு மனிதனுக்கு ஒரு பிற்பகலில் எத்தனை விலாசம் வேண்டியிருக்கும்? தொண்ணூறுகளின் கடைசியில், ஏற்காட்டில், ஒரு மளிகைக் கடையின் பின்கட்டில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு, நான் கை நிறைய விலாசங்களை வாங்கி வாங்கித் தொலைத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் என் தங்கை ஒரே ஒரு கேள்வி கேட்பதற்காக.

தங்கை எஸ்டேட் டிஸ்பென்சரியில் நர்ஸ். காப்பிப் பழம் பறிக்கும் பெண்களின் கைக்கீறலில் இருந்து கிளியூர்ப் பக்கத்துப் பிரசவங்கள் வரைக்கும் அவள் கையில்தான். நாங்கள் இருவரும் அம்மாவும்தான் வீடு. அவளுக்கு ஒரு மாப்பிள்ளை வந்தார். ஆத்தூர்க்காரர், சிங்கப்பூரில் வேலை. அச்சு இயந்திரங்களை விற்று, கொண்டுபோய்ப் பொருத்திக் கொடுக்கிற கம்பெனி. ஒரு வாரம் சிங்கப்பூர், அடுத்த வாரம் மலேசியாவில் ஏதாவது ஒரு ஊர். லீவில் வந்தவர் தன் அம்மாவோடு எங்கள் வீட்டுக்கு வந்து, பஜ்ஜி சாப்பிட்டு, தலையைக் குனிந்தபடியே "சரிங்க" என்று சொல்லிவிட்டு மலையிறங்கிப் போய், அப்படியே விமானமும் ஏறிவிட்டார். தங்கையோடு தனியாக ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

பேசியதெல்லாம் அந்த அம்மாள்தான்.

"பொண்ணு வேலைக்கெல்லாம் போகத் தேவையில்லைங்க. எங்கூடு நொம்பப் பெருசு. பையன் ஊர் ஊராப் போறவன். பொண்ணு எங்கூட இருந்துக்கும். எனக்கும் ஒரு பேச்சுத் துணையாச்சு."

அவர்கள் கார் வளைவு திரும்பியதும் தங்கை தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "அண்ணா, இப்ப என்னைப் பொண்ணு பாத்தது அவரா, அவங்கம்மாவா?"

"ரெண்டு பேருந்தான்."

"கட்டிக்கப் போறது யாரு?"

அம்மா சமையலறையில் இருந்து, "வாயி, வாயி" என்றாள்.

தங்கையின் கேள்வி இதுதான். கல்யாணம் செய்து அவளைத் தன்னோடு கூட்டிப்போவாரா, அல்லது ஆத்தூர் வீட்டில் அவர் அம்மாவுக்குப் பேச்சுத் துணையாக விட்டுவிட்டு வருஷத்துக்கு ஒரு தரம் லீவில் வருவாரா? கூட்டிப்போவதென்றால் வேலையை விடச் சம்மதம், போகிற ஊரில் வேறு வேலை பார்த்துக்கொள்வாள். விட்டுப்போவதென்றால் இந்த மலையை விட்டு அவள் ஏன் இறங்க வேண்டும்? அவ்வளவுதான். ஆனால் அதை அவரிடமே கேட்க வேண்டும். கேட்ட மாத்திரத்தில் அவர் வாயில் இருந்து என்ன வருகிறது என்று அவள் காதாலேயே கேட்க வேண்டும்.

"கடுதாசி போடு" என்றேன்.

"கடுதாசின்னா நாலு பேரைக் கேட்டு எழுதுவாருங்ணா."

"எஸ்டிடி பூத்துல போய்க் கூப்பிடு."

பஸ் ஸ்டாண்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று வெளிநாட்டுக்குப் பேசுவது என்னவென்று அவளுக்குத் தெரியும். தலைக்கு மேலே மீட்டரில் சிவப்பு எண்கள் குதித்துக்கொண்டே இருக்கும். வெளியே அடுத்த ஆள் சாவியால் கண்ணாடியைத் தட்டிக்கொண்டு நிற்பான். "மீட்டர் ஓடும்போது எவன் மனசுல இருக்கறதப் பேசுவான்? நல்லாருக்கீங்களா, நல்லாருக்கோம், வெச்சர்றேன். அவ்வளவுதான்" என்றாள்.

அப்போதுதான் மாப்பிள்ளையிடம் இருந்து மின்னஞ்சல் வந்தது. கணினி வழியாகவே பேசலாம், அதற்கு ஒரு புரோகிராம் இருக்கிறது, உள்ளூர்ப் போன் காசோடு போய்விடும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம் என்று. நான் பஸ் ஸ்டாண்டுக்கு அருகே டைப்பிங் கடை வைத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகை, எஸ்டேட் நோட்டீஸ், நடுநடுவே யாரும் கேட்காத என் கவிதைகள். அதற்காகப் பெங்களூரில் இருந்து பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கியிருந்தேன். கனமான கறுப்புச் சனியன். கடையில் போன் கிடையாது, மனு போட்டுக் காத்திருந்தேன். எதிரே பாயின் மளிகைக் கடையில் போன் இருந்தது, மின்னஞ்சல் பார்ப்பதும் அங்கே போய்த்தான். டிஸ்பென்சரியிலும் ஒன்று உண்டு. மடிக்கணினியைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டுக்கும் நடுவே அலைந்தேன். இது கிடைக்காவிட்டால் அது, அது கரகரத்தால் இது.

வேலை செய்கிற விதம் எளிதுதான். போன் கம்பியைக் கணினியில் சொருகினால் அது சேலத்தில் இருக்கிற இணையக் கம்பெனியைக் கூப்பிடும். கிறீச்சிட்டு, மூச்சிரைத்து, ஒருவழியாக உள்ளே போகும். போனதும் கம்பெனிக்காரன் நான்கு எண்ணைக் கையில் திணிப்பான். இப்போதைக்கு இது நீ. சிங்கப்பூரில் அவருக்கும் அப்படியே ஒன்று. அவருடைய எண்ணை நான் அடித்தால் அவர் கணினி மணியடிக்கும், எடுத்துப் பேசலாம். என்ன எண் என்பதை முதலில் மின்னஞ்சலில் சொல்லிக்கொள்ள வேண்டும். அஞ்சல்பெட்டி மட்டும் மாறாதது. லைன் அறுந்து திரும்ப உள்ளே போனால் நான் புது ஆள், புது எண். அவர் பேசிக்கொண்டிருந்த வார்த்தை என் பழைய எண்ணைத் தேடிப் போய், பூட்டிய வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கும். நான் பக்கத்திலேயே, வேறு கதவுக்குப் பின்னால், காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

"ஏந்தம்பி, ரெண்டு பூனை சண்டை போடற மாதிரி கத்துதே, என்ன பண்றீங்க உள்ள?" என்றார் பாய், மிளகு நிறுத்துக்கொண்டே.

"சிங்கப்பூருக்குப் போறோம் பாய்."

"போயிட்டு வரப்ப ஒரு டார்ச் லைட் வாங்கிட்டு வாங்க."

முதல் தடவை, ஐப்பசி அடைமழைக்கு நடுவே கிடைத்த ஒரு வெளிச்சமான பிற்பகல். தங்கை டிஸ்பென்சரிப் புடவையோடு வந்து எண்ணெய் டின் மேல் உட்கார்ந்தாள். ஸ்பீக்கரில் ஒரு குரல், தண்ணீருக்கு அடியில் இருந்து வருவதுபோல்.

"கேக்குதுங்களா?"

"கேக்குதுங்க. உங்களுக்குக் கேக்குதுங்களா?"

நாங்கள் சொன்னது அங்கே போய்ச் சேர்ந்து, பதில் இங்கே வந்து சேர்வதற்குள் பாய் ஒரு வாடிக்கையாளரை முடித்து அனுப்பிவிடுவார். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசும், ஒரே நேரத்தில் நிறுத்தும். "நீங்க சொல்லுங்க." "இல்லைங்க, நீங்க சொல்லுங்க." மழை பெய்கிறதா என்று அவர் கேட்டார். இன்றைக்குத்தான் விட்டது என்றாள். அங்கேயும் என்றார். தங்கை மூச்சை இழுத்துக்கொண்டாள். "உங்களை ஒண்ணு கேக்கணுங்க. கல்யாணத்துக்கு அப்புறம்" என்று அவள் ஆரம்பித்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"அலோ? அலோ? யாரு? என்னா இது கிறீச்சுங்குது?"

பாயின் மனைவி. பின்னால் வீட்டில் இன்னொரு போன் இதே லைனில் இருப்பது எங்களுக்குத் தெரியாது. சேலத்தில் இருக்கிற தன் அக்காவிடம் பேச எடுத்திருக்கிறார். லைன் செத்தது.

இதுவரைக்கும் நடந்தது விதி. இதற்கப்புறம் நடந்தது எங்கள் மரியாதை. அதைத்தான் இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

அறுந்தது என் பக்கம். நான் டயல் செய்து உள்ளே போனால் என் எண்தான் மாறும், அவருடையது மாறாது. அவர் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். அவர் எண் என்னிடம் இருக்கிறது, நானே திரும்பக் கூப்பிட்டுவிடுவேன். ஆனால் எங்கள் பக்கத்து மனிதர்கள் சும்மா உட்காருவார்களா? பெண்ணின் அண்ணன் கூப்பிடட்டும் என்று அவர் காத்திருந்தால் என்ன நினைப்பார்களோ! கோளாறு தன் பக்கமாக இருந்தால் அது அவமரியாதை இல்லையா! அவரும் தன் லைனை அறுத்தார். அவரும் திரும்ப டயல் செய்தார். அவருக்கும் புது எண். நான் அவர் பழைய எண்ணைக் கூப்பிடுகிறேன், அங்கே யாரும் இல்லை. அவர் என் பழைய எண்ணைக் கூப்பிடுகிறார், இங்கே யாரும் இல்லை. பிறகு இரண்டு பேரும் அஞ்சல் அனுப்புகிறோம். அவருடையதைப் பிரித்தால்: "மன்னிக்கணுங்க. லைன் கட்டாயிருச்சுங்க, புது நம்பர் இது. நீங்க சிரமப்பட வேண்டாம், நானே கூப்பிடறேனுங்க." நான் அனுப்பியதும் கிட்டத்தட்ட அதே வாசகம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் இரண்டு பக்கமும் 'வேறு அழைப்பில் இருக்கிறார்' என்று காட்டும். சரி, அவர் கூப்பிடட்டும் என்று நான் கையைக் கட்டிக்கொள்கிறேன். அண்ணன் கூப்பிடட்டும் என்று அவர் கையைக் கட்டிக்கொள்கிறார். மூட்டை மேல் எறும்பு ஊர்கிறது. சரி, அவர் லைன்தான் போய்விட்டதோ என்று நான் பதறி அறுத்துத் திரும்ப டயல் செய்கிறேன். அங்கே அவரும்.

தங்கை எழுந்து புடவையில் ஒட்டிய மாவைத் தட்டினாள். "டிஸ்பென்சரியில ஆளு நிக்கும். நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சுட்டுச் சொல்லுங்கண்ணா."

அடுத்த வாரம் டிஸ்பென்சரி லைனில் முயன்றோம். இடி. அதற்கடுத்த வாரம் மலேசியாவில் அவர் தங்கியிருந்த விடுதியில் போன் பிளக் வேறு மாதிரி. அதற்குப் பிறகு ஒரு நாள் நன்றாகக் கேட்டது, தங்கை கேள்வியின் முதல் பாதிக்கு வந்தாள், கரண்ட் போனது. அவளுடைய கேள்வியை மட்டும் தேடி வந்து அறுப்பதற்கு யாரோ ஆள் வைத்திருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. தூக்கத்திலும் புள்ளி வைத்த எண்கள். பத்திரிகைக்கு முகூர்த்த நேரம் அடிக்கும்போது நடுவில் புள்ளி புள்ளியாக வைத்துவிட்டு வாடிக்கையாளரிடம் திட்டு வாங்கினேன்.

பாய் கடையில் உட்கார்ந்திருந்த அந்த வாரங்களில் ஒரு விஷயத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், எரிச்சலோடு. பழம் பறிக்கிற பருவத்தில் மலைக்காரர்கள் ஓர் இடத்தில் இருப்பதில்லை. இந்த வாரம் ஒரு எஸ்டேட், வேலை தீர்ந்தால் அடுத்தது, பிறகு ஆரஞ்சுத் தோட்டம், நடுவில் சொந்தக் கொல்லையில் கேழ்வரகு அறுப்பு. ஆனால் போகிறபோது பாய் கடைக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவார்கள். அவர்களுக்கு வருகிற கடிதம், ஆள், செய்தி எல்லாம் பாய் கடைக்குத்தான் வரும். "அவங்களா, நேத்துத்தான் மேல் எஸ்டேட்டுக்குப் போனாங்க, இந்த பஸ்ல போனா பிடிச்சர்லாம்" என்பார் பாய். ஆள் எங்கே போனாலும் செய்தி தப்பாது. நகர்வதற்கு முன்னால் சொல்லிவிட்டு நகர்கிறார்கள், அவ்வளவுதான். என் பிள்ளையார் சுழி போட்ட கணினிக்கு அந்தப் புத்தி இல்லை. அறுந்து விழுந்த பிறகுதான் அது தன் புது விலாசத்தையே தெரிந்துகொள்ளும்.

பிறகு வந்தது பெரிய கூத்து.

ஒரு பிற்பகல் லைன் அறுந்தது. நான் திரும்ப டயல் செய்துகொண்டிருந்தேன். மாப்பிள்ளை அவசரப்பட்டு என் பழைய எண்ணையே மறுபடி கூப்பிட்டிருக்கிறார். அந்த எண் அதற்குள் வேறு யாருக்கோ போயிருந்தது. கம்பெனிக்காரனுக்கு அது காலி நாற்காலி. அடுத்து வந்தவனை அதில் உட்கார வைத்துவிட்டான். வந்தவர்கள் சேலத்தில் ஏதோ பிரவுசிங் சென்டரில் இருந்த கல்லூரிப் பசங்கள். அவர்களிடமும் அதே புரோகிராம். மணியடித்தது, எடுத்துவிட்டார்கள்.

"பொண்ணு இருக்குதுங்களா?" என்று இவர் கேட்டிருக்கிறார்.

"இருக்குதுங் மாப்ள, குளிச்சுட்டிருக்குது. அதுவரைக்கும் எங்ககூடப் பேசுங்" என்றிருக்கிறான் ஒருவன். பின்னால் ஒரே சிரிப்பு.

இதை அவர் எனக்கு எழுதிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆத்தூருக்குப் போன் செய்து அம்மாவிடம் சொன்னார். அன்று மாலையே பாய் கடைக்குப் போன் வந்தது. பாய் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "தம்பி, புயலு" என்றார்.

"ஏனுங்க, உங்கூட்டுல உங்களைத் தவிர வேற ஆம்பளைங்க யாருங்க இருக்கறது?"

"யாருமில்லைங்க."

"எம் பையன் கூப்பிட்டா எவனோ எடுத்து மாப்ளைங்கறான், குளிக்குதுங்கறான், சிரிக்கறான். யாருங்க அது?"

நான் விளக்கினேன். ஒவ்வொரு முறையும் எண் மாறும் என்று. பழைய எண்ணை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று. கடைக்கு வந்தவர்கள் எல்லாம் சாமான் வாங்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நம்பர் எப்படீங்க மாறும்? எங்கூட்டுக்குப் போனு வந்த நாளா அதே நம்பர்தான். நாங்க யாரும் மாத்தலையே."

"இது வேற மாதிரிங்க. கம்ப்யூட்டர் நம்பருங்க. உள்ள போகப்போக மாறிக்கிட்டே இருக்குங்க."

"நேரத்துக்கு ஒரு நம்பரை மாத்திக்கிட்டு இருக்கறவங்க ஊட்டுல எப்படீங்க நம்பிப் பொண்ணெடுக்கறது?"

பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தார். நான் போனை வைத்த பிறகு சொன்னார், "எங்க கடையும் இதே எடந்தான், போனும் இதே போனுதான். அந்தம்மாகிட்ட நான் வேணா ஒரு வார்த்தை சொல்லட்டுங்களா?"

வீட்டில் அம்மா அழுதாள். நான் கத்தினேன். மடிக்கணினியை ஏரியில் கொண்டுபோய்ப் போடுகிறேன் என்றேன். தங்கை மட்டும் மருந்துப் பெட்டியில் எதையோ அடுக்கிக்கொண்டிருந்தவள், நிமிர்ந்தாள்.

"அண்ணா, சேர்வராயன் கோயில் திருவிழாவுல நாம தொலைஞ்சோமே, ஞாபகமிருக்குதா?"

எப்படி மறக்கும்? எழுபதுகளில், நான் பள்ளிக்கூடம் போகிற வயசு, அவள் என் கையைப் பிடித்து நடக்கிற வயசு. மேலே மலைமுகட்டில் கூட்டம். சட்டென்று பனி இறங்கி, நீட்டிய கை தெரியவில்லை. கை விட்டுப்போனது. நான் அவளைத் தேடி ஓடினேன். அவள் என்னைத் தேடி ஓடினாள். நான் போன இடத்தில் இருந்து அவள் போயிருந்தாள், அவள் போன இடத்தில் இருந்து நான் போயிருந்தேன். அழுகைச் சத்தம் மட்டும் எல்லாத் திசையில் இருந்தும் வந்தது. பனி விலகியபோது இருவரும் கோயில் குகை வாசலுக்கு அந்தப் பக்கம் ஒருவரும் இந்தப் பக்கம் ஒருவருமாக நின்றிருந்தோம். அன்றைக்கே எங்களுக்குள் ஒரு பேச்சு வைத்துக்கொண்டோம். பனியில் தொலைந்தால் ஒருத்தர் நிற்க வேண்டும், ஒருத்தர்தான் தேட வேண்டும். இரண்டு பேரும் நடந்தால் ஆகாது. நிற்கிறவர் குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"அதேதாங்ணா இது. யாராச்சும் ஒருத்தர் நிக்கணும்."

"மாப்பிள்ளையைப் போய் நில்லுங்கன்னு எப்படிச் சொல்றது?"

"நான் சொல்றேன். அன்னிக்கு என்னையத்தானே நிக்கச் சொன்னீங்க? எப்பவும் நானே நிக்கணுமா?"

மறுநாள் பாய் கடைப் பின்கட்டுக்கு வந்து, அவளே தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி அஞ்சல் அனுப்பினாள். பசங்கள் எடுத்த விஷயத்தை இரண்டே வரியில் விளக்கினாள். பிறகு: "இனிமே லைன் கட்டானா நீங்க எதுவும் பண்ணாதீங்க. உங்க லைனைத் தொடாதீங்க. அசையாம அப்படியே இருங்க. நாங்க திரும்ப உள்ள வந்து உங்களைக் கூப்பிடுவோம். எவ்வளவு நேரமானாலும் இருங்க."

சம்பந்தம் பேசுகிற இடத்தில் 'அசையாம இருங்க' என்றா எழுதுவார்கள்? ஆனால் பதில் உடனே வந்தது. "சரிங்க. இருக்கேனுங்க."

இப்போதெல்லாம் அடிவாரத்தில் பஸ் ஏறுகிற பெண்பிள்ளை காதில் போனை வைத்துப் பேச ஆரம்பித்தால், கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றாக ஏறி, கோபுரத்துக்குக் கோபுரம் தாவி, பஸ் ஸ்டாண்டில் இறங்குகிற வரைக்கும் பேச்சு அறுவதில்லை. வழியெல்லாம் அவள் போனுக்குள் இருக்கிற அந்த நான்கு எண்கள் மாறலாம். அவளுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. எங்கோ யாரோ உட்கார்ந்து, நகர்கிறவன் எங்கே நகர்ந்தான் என்று எதிராளிக்குச் சொல்கிற வேலையை, பேச்சு அறுவதற்குள் சொல்லிவிடுகிற வேலையை, யோசித்து யோசித்துச் செய்திருக்கிறார்கள். கும்பிடத் தோன்றுகிறது. அதே மூச்சில், ஏனய்யா கொஞ்சம் முன்னால் செய்யவில்லை என்று சட்டையைப் பிடிக்கவும் தோன்றுகிறது.

பேசக் குறித்த நாள் வந்தது. பாய் தன் வீட்டுப் பக்கம் திரும்பி, "இன்னிக்கு எவளும் போன் எடுக்கக் கூடாது" என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி அறிவித்தார். உள்ளே இருந்து, "எங்கக்கா கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேன், போங்க" என்று பதில் வந்தது. வெளியே பனி தெருவை வாரிக்கொண்டு போயிருந்தது. எதிரே என் கடை இல்லை.

உள்ளே போனோம். அவர் எண்ணை அடித்தேன். பேச்சு கிடைத்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே அறுந்தது. அறுந்ததும் என் கை பழக்கத்தில் அஞ்சல் எழுதப் போனது. தங்கை கையைத் தட்டிவிட்டாள். "அவரு இருப்பாரு. கூப்பிடுங்க." திரும்ப டயல் செய்து, புது எண்ணோடு உள்ளே போய், அவருடைய அதே எண்ணை அடித்தேன். மணியடித்தது. எடுத்தார்.

"இருக்கேனுங்க" என்றார்.

இருந்தார்! எனக்கு அரிசி மூட்டையைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இன்னொரு முறையும் அறுந்தது, இன்னொரு முறையும் போனோம், இருந்தார். இந்த மனிதனை மோசம் என்று எப்படிச் சொல்வது? உட்கார் என்றால் உட்கார்கிறான். எனக்கு அவர் மேல் பாசமே வந்துவிட்டது.

தங்கை ஸ்பீக்கரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"உங்களை ஒண்ணு கேக்கணுங்க. முழுசாக் கேட்டர்றேன், அப்புறம் சொல்லுங்க. கல்யாணத்துக்கு அப்புறம் என்னை உங்ககூடக் கூட்டிட்டுப் போவீங்களா? இல்ல, ஆத்தூர்ல உங்கம்மாகூட உட்டுட்டு நீங்க மட்டும் போவீங்களா? கூட்டிட்டுப் போறதுன்னா நான் வர்றேன். உட்டுட்டுப் போறதுன்னா இப்பவே சொல்லிருங்க."

முழுக் கேள்வி. முதல் முறையாக. இடியில்லை, கரண்ட் போகவில்லை, யாரும் போனை எடுக்கவில்லை.

ஸ்பீக்கரில் ஏசியின் ரீங்காரம் வந்துகொண்டிருந்தது. அவர் அறையின் ஏசி. லைன் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

"கேட்டுச்சுங்களா?" என்றாள்.

"கேட்டுச்சுங்க" என்றார்.

மறுபடியும் ரீங்காரம். பாய் பொட்டலம் கட்டுவதை நிறுத்தியிருந்தார்.

"அது வந்துங்க, அம்மாவைக் கேட்டு..."

"உங்களைத்தானுங்க கேட்டேன்."

ரீங்காரம். நாற்காலி நகர்கிற சத்தம். பிறகு ரீங்காரம் நின்றது.

நான் பாய்ந்தேன். திரை மூலையில், லைன் இருந்தால் மின்னுகிற இரண்டு குட்டிக் கணினிப் படங்கள் வழக்கம்போல மாறி மாறி மின்னிக்கொண்டிருந்தன. எங்கள் லைன் இருக்கிறது. அப்படியானால் அவர் பக்கம். பரவாயில்லை, அவர் எண் இருக்கிறதே, அசையாமல் இருப்பாரே. அடித்தேன். மணி போகவில்லை. மறுபடி அடித்தேன். அங்கே யாரும் இல்லை. "இரு, இரு, ஒரு நிமிஷம் இரு, மோடத்துல ஏதோ" என்று சொல்லிக்கொண்டே கம்பியைப் பிடுங்கப் போனேன்.

"உடுங்கண்ணா" என்றாள் தங்கை. "லைன் நல்லாத்தான் இருக்குது."

நான் கேட்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில், அதே அறுபடாத லைனில், அஞ்சல்பெட்டிக்கு ஒன்று வந்து விழுந்தது. நான் திறந்தேன். தங்கை என் தோளுக்கு மேலே எட்டிப் படித்தாள்.

"மன்னிக்கணுங்க. லைன் கட்டாயிருச்சுங்க, புது நம்பர் இது." கீழே நான்கு எண்கள், நடுவில் மூன்று புள்ளிகள்.

நான் உடனே அந்த எண்ணை அடிக்கப் போனேன். கை தானாகவே போனது. எத்தனை வாரப் பழக்கம்! அவர் பக்கமும் லைன் அறுமே, ஓட்டலில் அறாதா, மழையில் அறாதா என்று ஒரு மனசு வாதாடியது. தங்கை திரையை விரலால் தொட்டாள்.

"பாருங்கண்ணா. இதை எழுத நேரமிருந்துச்சு. கேட்டதுக்குப் பதில் ஒரு வார்த்தை எழுதலையே. நம்பர் மட்டுந்தான் இருக்குது."

அவள் எண்ணெய் டின்னில் இருந்து எழுந்தாள். புடவையைத் தட்டிக்கொண்டாள். பாயிடம் பஞ்சுப் பொட்டலம் ஒன்று கேட்டாள், டிஸ்பென்சரிக்கு. பிறகு பனிக்குள் இறங்கி நடந்தாள். கொஞ்ச தூரம் வெள்ளைப் புடவை தெரிந்தது, பிறகு எல்லாம் வெள்ளை.

ஆத்தூருக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினோம். லைன் சரியில்லை என்று ஒரு நல்ல சம்பந்தத்தை உதறிவிட்டார்கள் என்று அவர்கள் பக்கத்தில் இன்றைக்கும் சொல்கிறார்களாம். லைனையா சொல்கிறீர்கள்! அந்த லைனுக்காக நான் பட்ட பாட்டில் பாதி பட்டிருந்தால் அப்படிச் சொல்ல வாய் வருமா?

அன்றைக்கு அவள் போன பிறகும் நான் மூட்டை மேல் உட்கார்ந்தேயிருந்தேன். இரண்டு குட்டிக் கணினிகள் மின்னிக்கொண்டிருந்தன. மணிக்கணக்கில் ஒரு முறையும் அறாமல், கரகரக்காமல், அவ்வளவு சுத்தமான லைன் அந்தக் கடையில் அதற்கு முன்னால் எனக்குக் கிடைத்ததே இல்லை.

பாய் எட்டிப் பார்த்தார். "தம்பி, பேசி முடிச்சாச்சுன்னா போனை எடுத்துக்கட்டுங்களா? ஊட்டுல அவளோட அக்காகிட்டப் பேசணுமாம்."